நெஞ்சுக்கும் நாய்க்கும் ஒரே சொல்

மார்ச் 3, அல்ஜியர்ஸ்

சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். வாயில் வந்தது என்னைப் பெற்ற யெம்மாவின் பழைய வசவு, எங்கள் ஊர் ஜிஜெலின் சுத்தமான பேச்சில். நாடு முழுக்கக் கேட்க வானொலியில் செய்தி வாசித்த வாயா இது! ஓய்வு பெற்றால் பல்தான் ஆடும் என்று நினைத்திருந்தேன். நாக்கும் ஆடுகிறது.

மார்ச் 9

மேல்மாடி வர்தியா இன்றும் காப்பிக்குக் கூப்பிட்டாள். அவள் கணவன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. என் மனைவியும் இல்லை. வர்தியா பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவள். கோப்பையைக் கையில் தருவதே பிள்ளையைத் தருகிற மாதிரி இருக்கும். மரியாதைக்கு 'ஸி' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"ஸி அம்மார், பிரசவ அறையில ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். உங்க குரல் கேட்டுத்தான் எத்தனையோ பிள்ளைங்க பொறந்துச்சு" என்றாள்.

பெருமையோடு படியிறங்கினேன். பாதியில் ஒரு சந்தேகம். அந்தப் பெண்கள் கத்தியது வலியாலா, நான் வாசித்த செய்தியாலா?

மார்ச் 17

சொற்கள் தாமாக வருகின்றன, கூப்பிடாத விருந்தாளிகள் மாதிரி. முயலுக்கு 'அவ்துல்'. தலைநகரத்தில் சொன்னால் அது என்ன வியாதி என்பார்கள். சின்ன வயசில் நான் படுக்கையை விட்டு எழாத காலைகளில் யெம்மா கத்துவது: "உன்னை விதைச்சா மொளைக்காது, மண்ணும் கெட்டுப்போகும்!" வானொலியில் சேர்ந்த அன்றே அதிகாரி சொன்னார், "உன் ஊர்ப் பேச்சை வாசல்லயே கழட்டி வச்சிட்டு வா." கழற்றி வைத்தேன். திரும்ப எடுக்க மறந்தேபோனேன்.

ஏப்ரல் 2

என்னைக் கட்டிக்கொள்வாயா என்று வர்தியாவிடம் கேட்டுவிடுவது என்று முடிவு. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். வானிலை அறிக்கை மாதிரி இருந்தது.

ஏப்ரல் 4

போச்சு. எல்லாம் போச்சு.

கடற்கரைச் சாலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காற்று நன்றாக இருந்தது, நான்தான் நன்றாக இல்லை. பதற்றத்தில் நாக்கு ஜிஜெலுக்குப் பஸ் ஏறிவிட்டது. அரபியில் நெஞ்சுக்கு 'கல்ப்'; எங்கள் ஊரில் அதன் முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து எடுக்க மாட்டோம். அப்படி எடுக்காவிட்டால் அது 'நாய்' ஆகிவிடும். எங்களுக்குள் குழப்பமில்லை. ஆனால் அவள் அல்ஜியர்ஸ்காரி.

ஆக, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்தியா, நீதான் என் நாய்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

அங்கே சிரித்திருக்கலாம். மூளை வேலை செய்யவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, செய்திக் குரலில், இலக்கண சுத்தமாக, "மன்னிக்கவும், ஒரு திருத்தம்: தாங்களே என் இதயம்" என்று வாசித்தேன். வாசித்தேன்! பைத்தியக்காரா, அதற்கு முதலில் சொன்னதே தேவலை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 5

தட்டினேன். திறக்கவில்லை. காப்பி வாசனை மட்டும் வந்தது.

ஏப்ரல் 10

தாங்காமல் ஊரில் இருக்கும் அக்கா ஸுலீகாவுக்குப் போன் செய்தேன். சிரித்தாள், சிரித்தாள், போனைக் கீழே போட்டாள், மறுபடி எடுத்துச் சிரித்தாள். "டேய் அம்மார், பொண்ணு கேக்கப் போய் நாய் புடிச்சிட்டு வந்திருக்கியே! இரு, நான் வர்றேன்."

ஏப்ரல் 13

அக்கா வந்து இறங்கினாள், எண்ணெய் கேனும் உலர்ந்த அத்திப்பழமுமாக. கால் கூடக் கழுவாமல் நேரே மேல்மாடிக்குப் போனாள். சாயங்காலம் வரை அங்கிருந்து சிரிப்புச் சத்தம். என் மானம் அங்கே கிலோ கணக்கில் விற்பனை ஆகிறது என்று தெரிந்தது.

இறங்கி வந்தவள் சிரிக்கவில்லை.

"நாய்னு சொன்னதெல்லாம் அவளுக்கு ஒண்ணுமில்லடா. அந்தத் திருத்தம் இருக்கே, அதுதான். 'ஒரு நிமிஷம் ஒரு மனுஷன் பேசினாரு, அடுத்த நிமிஷம் ரேடியோ பேசுச்சு. நான் எதைக் கட்டிக்கிறது?'ன்னு கேக்குறா."

பதில் சொல்ல வாயெடுத்தேன். வந்தது செய்திக் குரல், எனக்கே பிடிக்கவில்லை. மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 14

போனேன். இந்த முறை ஒத்திகை இல்லை. ஊர்ப் பேச்சில் ஆரம்பித்தேன். முதலில் திக்கியது, பிறகு நிற்கவே இல்லை. துறைமுகத்தில் வலை இழுத்த அப்பா, யெம்மாவின் வசவுகள், மனைவி போன பிறகு வீட்டில் சத்தம் வேண்டுமென்று பழைய பேப்பரைப் படுக்கையறையில் உரக்க வாசித்தது — இதை யாரிடமும் சொன்னதில்லை. நடுவில் அழுதுவிட்டேன். அடுப்பில் அவள் கொண்டைக்கடலை தீய்ந்தது. அவள் எழவில்லை.

"பாதி புரியல" என்றாள் கடைசியில்.

"பரவாயில்ல."

"புரியாத பாதியிலதான் நீங்க இருந்தீங்கன்னு தோணுது." அப்புறம் மூக்கைச் சுளித்தாள். "கடல போச்சு. வெளிய கூட்டிட்டுப் போய் ஏதாவது வாங்கிக் குடுங்க."

ஜூன் 20

நகரமன்றத்தில் கல்யாணக் கையெழுத்து. அக்காவின் குலவையில் அதிகாரி பேனாவைத் தவறவிட்டார்.

நவம்பர் 8

குளிர். பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு மழையை வேடிக்கை பார்த்திருந்தேன். உள்ளிருந்து வர்தியா என்னை ஒரு சொல் சொன்னாள். ஜிஜெல் வசவு. சின்ன வயசில் யெம்மாவிடம் கேட்டது, அதன்பின் மறந்தேபோனது. நாகரிகம் கருதி இங்கே எழுத முடியாது. அக்கா போனில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். உச்சரிப்பு படுமோசம்.

நான் திருத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.