சும்மா வந்த மண்

இத்தாவில், பளை
21.01.2018

அன்புள்ள கேதீஸ்,

"இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டே பழகியவளுக்குப் பெயரெழுதிக் கடிதம் தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது, தொலைபேசியில் மண் என்று வாயெடுத்தாலே "வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாதே. யதுசா நித்திரையான பிறகு எழுதுகிறேன். நாலு வயதுக்கு மீறிய வாய் அவளுக்கு. "கனடா அப்பா எப்ப எங்கட அப்பாவா வருவார்?" என்று நேற்றும் கேட்டாள்.

வளவில் மாரி வெள்ளம் இன்னும் வற்றவில்லை. மேடாக்காமல் வீட்டுக்கு அத்திவாரம் போட முடியாது, சரி. ஆனால் நீங்களும் உங்கள் அக்கா மச்சாளும் ஏற்பாடு செய்த மண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மண் ஏற்றி வந்த பவானண்ணை உழவு இயந்திரப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சண்டைக்கால மண் அணை, தங்கச்சி. நல்ல இறுக்கமான மண். சும்மாதானே கிடக்குது, டீசல் காசு மட்டும் தந்தாக் காணும்."

பெட்டியின் மூலையில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை ஒன்று கிடந்தது. "இதென்னண்ணை?" என்றேன்.

"கோழிக்கூட்டுக்குக் கதவு போடலாமெண்டு பிடுங்கினனான்."

இரண்டு பகுதியும் மிதிவெடி புதைத்தது அந்த அணைகளுக்கு முன்னால்தான். மண்ணை வழிக்கும்போது அதுவும் சேர்ந்து வராதா? கம்பஸில் புவியியல் படித்தவள் சொன்னால் உங்களுக்குப் பகிடி. வெடி அகற்றுகிறவர்களைக் கூப்பிட்டு அந்தக் குவியலை ஒருக்கால் பார்க்கச் சொல்லவா? ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும். அதுவரை பிள்ளையை முற்றத்தில் இறக்காமல் கொட்டில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

உங்கள் வதனி


ஸ்காபரோ
06.02.2018

அன்பின் வதனி,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இங்கே முழங்காலளவு பனி. பேக்கரி வேலை முடிந்து வந்து, காலுறையைக் கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

நீர் என்றைக்குத்தான் பயப்படாமல் இருந்தீர்? கலியாணத்தன்றும் பந்தல் விழுந்துவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள். பவானண்ணை அதே மண்ணில்தான் தன் வீட்டையும் கட்டினார். அவருக்கு ரெண்டு காலும் இருக்குத்தானே?

வெடிக்காரரைக் கூப்பிட்டால் வளவைச் சுற்றிச் சிவப்புக் கட்டை நடுவார்கள். கட்டை நட்ட வளவுக்கு அரசாங்க வீட்டுத்திட்டக் காசு இல்லை. எங்கள் பெயரை வெட்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒரு வீட்டுக்காக அக்கா எத்தனை பேரின் காலைப் பிடித்தாள் என்று உமக்குத் தெரியும்.

அதோடு, நாடே மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, பேப்பர் பார்க்கிறதில்லையோ? அந்த ஒப்பந்தம் முதலில் கைச்சாத்தானதே நானிருக்கிற நாட்டில், ஒட்டாவாவில். போன கோடையில் அங்கே போய் எடுத்த படம் இதற்குள் இருக்கிறது. பிள்ளைக்குக் காட்டும். தடை போட்ட சாமானுக்குப் பயந்து வீட்டை இழக்க ஏலாது. மண்ணைப் பரவி, மாசிக்குள் அத்திவாரம் வெட்டும். வேறு கதை வேண்டாம்.

குஞ்சுக்கு என் முத்தங்கள்.

கேதீஸ்


இத்தாவில்
04.03.2018

கேதீஸ்,

நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. மச்சாள் ஆள் பிடித்து மண்ணைப் பரவச் சொன்னா.

செவ்வாய்க்கிழமை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கதவின் கொளுக்கியைத் தானே கழற்றி யதுசா வெளியில் வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால், மண்ணில் சப்பாணி கட்டியிருந்து சமைக்கிறாள். சிரட்டையில் மண் பிட்டு. பக்கத்தில் சப்பாத்துப் பொலிஷ் தகரப் பேணியளவில் மண்ணிறமாய் ஒன்று.

"குஞ்சு, அதைத் தொடாதேங்கோ. எழும்பி அம்மாட்ட வாங்கோ."

"ஏலாது, கறி அடிப்பிடிச்சிடும்."

"அம்மாக்குப் பசிக்குது, ஓடி வாங்கோ."

"பொறுங்கோ, இன்னும் மூடேல்ல." கை அந்தப் பேணியை நோக்கிப் போகிறது.

வேலிக்கு அப்பாலிருந்து மச்சாள்: "என்னடி கத்துறாய்? ஏதோ பழம் பேணி. பிள்ளை, அதைத் தூக்கி எறி அங்கால!"

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "அப்பா போன்ல நிக்கிறார், யதுசாவைக் கேட்கிறார்" என்றேன். சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். காதில் வைக்க அப்போது என் கையில் போன் கூட இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்று என் தோளில் கடித்தாள்.

அதற்குப் பிறகு நானே அறிவித்தேன். வெடி அகற்றும் பெண்கள் வந்து அதே மண்ணில் இன்னும் இரண்டு எடுத்தார்கள். கட்டை நட்டார்கள். வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வெட்டுப்பட்டது. "உன்ர வாயாலதான் வீடு போச்சு" என்று மச்சாள் ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனா.

அன்று பின்னேரம் நீங்கள் போன் எடுத்தீர்கள். முதற்கேள்வி: "பேரை வெட்டிப்போட்டாங்களோ?" இரண்டாவது: "யார் உம்மை அறிவிக்கச் சொன்னது?" மூன்றாவது கேள்விக்காகப் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வைத்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்வியை இனியாவது கேட்பீர்களா?

வதனி


பளை
17.06.2018

கேதீஸ் அவர்களுக்கு,

மார்ச்சில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. எங்களைக் கனடாவுக்கு எடுக்க நீங்கள் அனுப்பிய ஸ்பொன்சர் கடதாசிகள் மட்டும் வந்தன. கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டாவாப் படமும் உள்ளே இருக்கிறது. நல்ல கட்டடம்.

எங்கள் வளவைத் துப்புரவாக்கிக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் அங்கே திரும்பிப் போக மனமில்லை. ரியூசன் கொட்டிலில் படிப்பித்துக்கொண்டு, பளைச் சந்திப் பக்கம் சீமெந்துத் தரை போட்ட ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். பவானண்ணை தன் வீட்டுப் பக்கம் சோதனைக்கு வந்தவர்களைப் படலைக்குள்ளேயே விடவில்லையாம். "ஒட்டின சீமெந்தைக் கிளற விடுவனோ?" என்று கேட்டாராம். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த முற்றத்தில்தான் தவழுகின்றன.

யதுசா இப்போதும் சமைத்து விளையாடுகிறாள், அறைக்குள். சட்டி பானையைச் சுற்றி ஈர்க்குகளை நிறுத்தி, நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறாள். நான் உள்ளே போகலாம். வீட்டுக்காரரின் பூனையும் போகலாம்.

"அப்பா வந்தா?" என்று கேட்டேன்.

"அவர் அங்காலதான் நிக்கோணும். அவருக்கு எது வெடியெண்டு தெரியாது."

நான் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஈர்க்கைப் பிடுங்கவும் இல்லை.

யதுசாவின் அம்மா