பரலோகத்திலும் பெரட்டு

நமுனுகுல
ஆவணி, 1911

பிரியமுள்ள அம்மாவுக்குத் தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இருமல் மட்டும்தான்.

கோயிலுக்கு வராத பிள்ளைகளைத் தேடி, தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே போய் வேதம் சொல்கிறேன். நேற்று, "பரலோகத்தில் ஆண்டவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்" என்றேன். இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், விடியுமுன் கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு விரட்டும் பெரட்டுதான்.

"அங்கேயும் பெரட்டாங்க? அப்ப நான் வரலைங்க!" என்று கருப்பம்மா எழுந்து ஓடினாள். பின்னாலேயே அத்தனை பிள்ளைகளும் ஓட்டம். எத்தனை நாள் கெஞ்சிச் சேர்த்த கூட்டம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

இருமலுக்கு நம் ஊர்க் கருப்பட்டி அனுப்புங்கள். இங்கே எல்லாருக்கும் நான் வெறும் 'உபதேசியார்'. பதில் எழுதித் தருபவரிடம், 'மகனே' என்று போடாமல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். தபால் பை கிளம்புகிறது.

மாசிலாமணி