எந்தப் பிரிவில் இருக்கு?

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவள், இந்த நாட்டுக்கு வந்து இருபது வயதுப் பெடி பெட்டையளோடு இருந்து திரும்பவும் சட்டம் படிக்கிறேன். அது போகட்டும்.

அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபர் இந்த நாட்டில் ஒரு மந்திரியாம். ஆனாலும் யார் மேல் வழக்குப் போடுவது என்பதில் தலையிட மாட்டாராம். அதை அவருக்குக் கீழே இருக்கிற அரச அதிகாரிதான் முடிவு செய்வாராம்.

நான் கையை உயர்த்தி, "அது எந்தப் பிரிவில் இருக்கு?" என்று கேட்டேன்.

"எதிலும் இல்லை. அது வழக்கம்" என்றார் விரிவுரையாளர்.

"தலையிட்டால்?"

"மாட்டார்."

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் பென்ரோஸ் பக்கத் தொழிற்சாலை வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு மந்திரியின்ர நல்ல குணத்தை நம்பிக்கொண்டு இருக்கினம், பாருங்கோ" என்றேன்.

இவருடைய தம்பியைச் சுட்டவன் மேல் ஊரில் இன்னும் வழக்கே இல்லை. மேலிடத்துக்கு விருப்பமில்லை என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

இவர் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "அங்க சட்டத்தில எல்லாம் எழுதித்தானே கிடந்தது."

"ஓம்" என்றேன்.

இவர் போய்விட்டார். எரிச்சலும் அடங்கிவிட்டது. அந்த "மாட்டார்" மட்டும் காதுக்குள்ளேயே நிற்கிறது. அந்த மனுசன் அதைச் சொல்ல ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.