மாமனார் காலும் வெள்ளானூர் தீமிதியும்

ஆக. 13, புதன்

பகல் முழுக்கப் புழுக்கம். சாயங்காலம் தூறல், அதுவும் துணி காயப்போட்ட பிறகு.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. நினைத்தது: தூக்கம், தலைக்கு எண்ணெய், மறுபடி தூக்கம். நடக்கப்போவது: வெள்ளானூர், மாமனார் வீடு, அம்மன் கோயில் திருவிழா. சுதந்திர தினமும் கடைசி ஆடி வெள்ளியும் ஒரே நாளில் வந்து தொலைத்திருக்கின்றன.

அத்தை போன். "மாமா காலுல புண்ணு கீதும்மா. தீ மிதிக்கக் காப்பு கட்டிக்கினாரு, செருப்பே போட மாட்றாரு. நீ சொல்லேன்."

சர்க்கரைக் கால். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்த மனிதர்.

"நீங்க சொல்லலாமே அத்தை?"

"எம் பேச்ச என்னிக்குக் கேட்டாரு?"

இவரிடம் சொன்னேன். "நான் சொன்னா சண்டையாவும். நீயே சொல்லிடு." பெற்ற பிள்ளை. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆக. 14, வியாழன்

வேலை முடிந்து ஓட்டமாக ஓடி வந்து, ஆட்டோ. பள்ளிக்கூடத்துக் கொடியேற்றம் போச்சு என்று மகள் தர்ஷினி வழியெல்லாம் அழுகை. நியாயமான அழுகை.

மாமா காலைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே புண். உள்ளே மண். விரலால் அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கல இல்ல? அப்பறம் இன்னா?"

"வலிக்காததுதான் மாமா பயமா இருக்கு."

"கல்யாணத்துக்கு முந்தியிலருந்து மிதிக்கிறேன். ஆத்தா பாத்துக்குவா. போ, கூழுக்கு வெங்காயம் உரி."

உரித்தேன். ஒரு கூடை. இவர் பக்கத்து அறையில்தான். அத்தனையும் காதில் விழுந்திருக்கும். போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக. 15, வெள்ளி

கோயில் வாசலில் கொடியேற்றம். ஊராட்சித் தலைவர் வரத் தாமதம், பிள்ளைகள் வெயிலில். வந்து இழுத்தார், முடிச்சு அவிழவில்லை. ஒருவன் ஏணி வைத்து ஏறினான். பூ முழுக்க அவன் தலையில். ஒரு ஸ்பீக்கரில் தேசபக்தி, இன்னொன்றில் அம்மன் பாட்டு. இரண்டையும் நிறுத்த ஆளில்லை.

கூழ் ஊற்றும்போது ஒரு சித்தி: "இன்னாடி இப்படி எளச்சுட்ட?" அடுத்த சித்தி: "நல்லா ஊதிட்ட போ."

சாயங்காலம் தீமிதி. மஞ்சள் வேட்டியில் மாமா வரிசையில். போய் நிறுத்துங்கள் என்று இவரிடம் கடைசியாக ஒருமுறை சொன்னேன். "கூட்டத்துல எப்படிச் சொல்றது?"

கயிற்றுக்கு அடியில் நுழைந்து பூசாரியிடம் போனேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கத்தினேன். "எங்க மாமாவுக்குச் சக்கர! காலுல புண்ணு! பாருங்க!"

சரியாக அந்த நொடியில் மேளம் நின்றது. தெருவுக்கே கேட்டது.

பூசாரி காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மஞ்சளும் ரத்தமும். "அண்ணாத்தே, வேணாம். குண்டத்த மூணு சுத்து சுத்திட்டுப் போ. ஆத்தா ஏத்துக்குவா."

மாமா என்னைப் பார்த்தார். "ஊட்டு மானத்த வாங்கிட்டியே." சுற்றினார், யார் கையையும் பிடிக்காமல். பின்னால் யாரோ, "மருமவளா இவ?"

சொல்லச் சொன்ன அத்தை, "அதுக்குன்னு கூட்டத்துலயா சொல்லுவ?"

வாயைத் திறந்திருந்தால் அங்கேயே இரண்டாவது குண்டம் எரிந்திருக்கும்.

ஆக. 16, சனி

மாமா காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். "ஏறுங்க." என் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்.

ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் புண்ணைக் கழுவினார். இடுக்கியில் எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். டக். குண்டூசி. நேற்று பிள்ளைகள் சட்டையில் கொடி குத்தியதில் ஒன்று தரையில் விழுந்திருக்க வேண்டும்.

"இந்தக் காலோட நெருப்புல நடந்திருந்தா, காலயே எடுக்க வேண்டி வந்திருக்கும் பெரியவரே."

திரும்பும்போது, வீடு வரும் சமயத்தில், மெதுவாக: "குத்துனதே தெரிலம்மா."

இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது தெரியாது. அதுவரை பொத்தி வைத்திருந்த திட்டு எல்லாம் எங்கே போனது என்றும் தெரியவில்லை. அழுகை வந்தது. அதுவும் எரிச்சல்.

ஆக. 17, ஞாயிறு

மேகமூட்டம். ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டினேன். அத்தை யாருக்கோ போனில்: "எம் புள்ளதான் சொல்லி நிறுத்துனான். இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?" இவர் பக்கத்திலேயே. மறுக்கவில்லை. தோசை தின்றார்.

உள்ளேயிருந்து மாமா: "அவன் எங்கடி சொன்னான்? மருமவதான் தெருவே கேக்கக் கத்துனா!"

அத்தை போனைக் கையால் பொத்தினார். இவர் தோசை பாதி வாயில்.

உடனே மாமா அதே குரலில் என்னிடம், "இன்னா நின்னுக்கினு கீற? கட்டு மாத்திட்டுக் கெளம்பு."

பஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். கால் முன்பே நாற்காலிமேல் தயாராக இருந்தது.