கென் எழுதிய இரண்டு தாள்

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
18.11.1979, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஞ்சினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் ஒரு குறையும் வராமல் நல்லூர்க் கந்தன் காவல் நிற்கட்டும். ஸ்ராஸ்பேர்க் ஐரோப்பியப் பாராளுமன்ற மண்டபத்தில் உன் எம்.பி.க்குப் பின்னால் நீ பைல்களோடு நிற்கும் படம் கிடைத்தது, மெலிந்து போயிருக்கிறாய். அப்பா அதைத் தான் வேலை செய்யும் றெயில்வே கந்தோருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார், நான் ஒருவருக்கும் காட்டவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, எழுதுகிறேன். சின்னமாமாவின் கடிதம் வந்தது, உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், யாழ்ப்பாணத்தில் அவசரகாலச் சட்டம் இன்னும் எடுபடவில்லையாம், பொழுதுபட முன்னமே படலையைப் பூட்டிவிட்டு உள்ளுக்கே இருக்கிறார்களாம். இங்கே வியட்நாமிலிருந்து வந்த சனம் கடைத்தெருவில் இன்னொரு மரக்கறிக் கடை திறந்திருக்கிறார்கள், பச்சை மிளகாய்க்கு இனி நான் அலையத் தேவையில்லை. அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. இவ்வளவும்தான் எங்கள் புதினம், இனி எழுதப்போவது டொறிசைப் பற்றி.

டொறிசை நீ கண்டதில்லை. நீ லண்டனுக்குப் போன பிறகுதான் அவள் எங்கள் முதியோர் இல்லத்து லோண்டரிக்கு வந்தவள். உன் எம்.பி. கோல்மனின் தொகுதியிலிருக்கும் அதே ஸ்கார்னஸ் துறைமுகம்தான் அவளுக்கும் ஊர், பன்னிரண்டு வருடத்துக்கு முன் புருஷனோடு இங்கே வந்தவள், வந்த மூன்றாம் வருடமே புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஒரே மகன் கென், கடலை விட்டு வரமாட்டேன் என்று தாயின் சகோதரியோடு அங்கேயே நின்றுவிட்டான். இந்தப் பெப்ரவரியில் மீன்பிடிக்கப் போன அவனுடைய படகு திரும்பி வரவில்லை, பதினொரு பேர், ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை என்று உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். டொறிஸ் இரண்டு நாள் லீவெடுத்தாள், மூன்றாம் நாள் வந்து என்னோடு நின்று படுக்கை விரிப்பு மடித்தாள். செய்தி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, புறப்பட முதல் நாள் கென் போட்ட கடிதம் அவளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு தாள். மீன் இறக்கும் தளத்துக் கதவு பூட்டுப்படுவதில்லை, அலை அடித்தால் தண்ணீர் உள்ளுக்கு வரும், கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம், கொம்பனிக்காரரிடம் சொன்னால் இந்தப் பயணம் முடியத் திருத்தலாம் என்கிறார்கள், நீங்கள் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

யூன் மாதத்தில் உனக்கு கோல்மனிடம் வேலை கிடைத்ததென்று நீ எழுதியபோது நான் டொறிசிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. உம்முடைய மகனுக்காகவும் மற்றப் பத்துப் பேருக்காகவும் ஐரோப்பாவிலே கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார், அவர் பக்கத்தில் என் மகள் இருக்கிறாள் என்றேன். அவள் தயங்கினாள். “நான் இப்ப அவரின்ரை தொகுதி ஆள் இல்லை விமலா, நான் அங்கை வோட் போடேல்லை” என்றாள். “உம்மடை பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளைதானே, எழுதும்” என்று நான்தான் உந்தினேன். கென்னின் கடிதத்தை நூல்நிலையத்து மெசினில் படியெடுத்துப் படியை அனுப்புவோமா என்று கேட்டாள். “கையெழுத்தோடை இருந்தால்தான் பெலன், என்ரை மகள் கவனமாய் வைச்சிருப்பாள்” என்று சொன்னவளும் நான்தான் பிள்ளை. தபாற்கந்தோரில் அவள் அந்த உறையை உடனே கொடுக்கவில்லை, கவுண்டரில் நின்ற பெட்டை இரண்டு தரம் கையை நீட்டின பிறகுதான் விட்டாள்.

ஒக்ரோபர் கடைசியில் மறுமொழி வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் டொறிஸ் அதைப் பிரிக்காமலே கொண்டுவந்து வாசி என்று என்னிடம் தந்தாள். எம்.பி. மிகவும் மனம் வருந்துகிறாராம், மீன்பிடிப் படகுகளின் பாதுகாப்புப் பற்றிப் பாராளுமன்றத்தில் எழுத்தில் கேள்வி கேட்டாராம், விசாரணை வைப்பது அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு என்று பதில் வந்ததாம். அதற்குக் கீழே, கிடைத்த சகல ஆதாரங்களின்படியும் படகு புறப்படும்போது நல்ல நிலையில் இருந்தது என்று ஒரு வசனம். கென்னின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் இடது மூலையில், சொன்னவர் பெயரும் ரைப் அடித்தவர் பெயரும் முதலெழுத்தில் போடுவார்களே, H.C. என்று போட்டுப் பக்கத்தில் R.V. என்று இருந்தது. ரஞ்சினி விக்னராஜா என்று என் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். வாசித்து முடித்து, அந்த மூலை உள்ளுக்குப் போகக் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் உனக்கு ரெலிபோன் எடுத்தேன். நீ சொன்னது எல்லாம் எனக்குப் பாடம். “அம்மா, கடிதம் பைலுக்கை இருக்கு. நான் அவருக்குக் காட்டினனான், அவர் ரெண்டு தரம் வாசிச்சவர். பிறகு கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னவர், அந்தக் கொம்பனியிலை அறுநூறு பேர் வேலை செய்யினம், அவையும் என்ரை ஆக்கள்தான், விசாரணை எண்டு வந்தால் படகெல்லாத்தையும் கரையிலை கட்டிப்போடுவினம், செத்ததுகள் திரும்பி வராதுகள் எண்டு.” அந்த வசனத்தை ஆர் எழுதினது என்று கேட்டேன். “நான் ரைப் அடிச்சனான் அம்மா, சொன்னதை அடிக்கிறதுதான் என்ரை வேலை” என்று சொல்லி நீ அழுதாய், அதோடு லைன் அறுந்துவிட்டது. கோல்மன் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. சனிக்கிழமை முழுக்கத் துறைமுக மண்டபத்தில் சனத்தைச் சந்திக்க இருந்து, ஒழுகும் கூரைக்காரியின் கதையும் பிடிக்க விடுகிற மீன் அளவு காணாதென்கிறவனின் கதையும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு விமானம் ஏறுகிற மனுஷன் என்று நீதானே எழுதினாய். அறுநூறு குடும்பத்தின் அடுப்பையும் அவர் நினைக்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல நிலையில் இருந்தது என்று எழுத அவருக்கு என்ன தேவை வந்தது? முடியாது என்று எழுதியிருக்கலாம், பயமாயிருக்கிறது என்றுகூட எழுதியிருக்கலாம். கயிற்றால் கட்டிய கதவை அவரும் வாசித்தார், நீயும் வாசித்தாய்.

நான் எட்டு நாள் வாய் திறக்கவில்லை. அப்பா வேண்டாம் என்றார். “பிள்ளையின்ரை விசா அந்த வேலையிலைதான் தொங்குது, நீ பேசாமல் இரு” என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு விரிப்பின் நாலு மூலையையும் இரண்டு பேராகப் பிடித்து மடிக்கிற வேலை எங்களுக்கு, ஒவ்வொரு மடிப்புக்கும் அவள் முகத்துக்குக் கிட்டப் போகவேண்டும், ஒரு நாளைக்கு இருநூறு தரம். ஒன்பதாம் நாள் சொல்லிவிட்டேன். அவள் தன் பக்கத்து மூலையை விடாமல் நின்று கேட்டாள். “கதவைப் பற்றி அவன் எழுதினதை உன்ரை மகள் வாசிச்சவளோ?” ஓம் என்றேன். “வாசிச்சுப்போட்டோ அடிச்சவள்?” அதற்கும் ஓம் என்றேன். விரிப்பை ஒழுங்காக மடித்து அடுக்கிவிட்டுப் போனாள், அடுத்த நாள் மேட்ரனிடம் கேட்டு வேறு நேரத்துக்கு மாறிவிட்டாள். பிறகு என்னை வழியில் கண்டாலும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னோடு இப்போது மடிக்கிறவள் ஒரு புதுப் பெண், கெட்டிக்காரி, எனக்குத்தான் கை ஓடுவதில்லை.

போன வியாழக்கிழமை பின்னேரம் டொறிஸ் வீட்டுக்கு வந்தாள். குசினி வாசலிலேயே நின்றாள், அப்பா கதிரையை இழுத்துப் போட்ட பிறகுதான் இருந்தாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள். காரை விற்று ஊருக்குப் போக ரிக்கெற் எடுத்துவிட்டாளாம், டிசெம்பர் ஐந்தாம் திகதி புறப்படுகிறாள். மற்றப் பத்துப் பேரின் பெண்சாதிமாரும் தாய்மாரும் அவளுக்கு எழுதியிருக்கிறார்கள், எட்டாம் திகதி சனிக்கிழமை கோல்மன் மண்டபத்தில் இருக்கிற நேரம் எல்லோருமாகப் போகப் போகிறார்களாம். “விசாரணை வைச்சாலென்ன வையாட்டாலென்ன, எனக்கு என்ரை பிள்ளையின்ரை கையெழுத்து வேணும். அங்கை எழும்பி நிண்டு நானே வாசிக்கப்போறன். நீதானே விமலா அனுப்பச் சொன்னனி, நீ உன்ரை பிள்ளைக்கு எழுது” என்றாள். சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிற்பாட்டிவிட்டாள். அப்பா அவளை பஸ் தரிப்பிடம்வரை கொண்டுபோய் விட்டு வந்தார். வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, “எழுது, விசா போனால் போகட்டும்” என்றார். அப்பாவின் வாயிலிருந்து அது வந்ததென்றால் நீயே யோசித்துப்பார்.

ரஞ்சினி, அந்த இரண்டு தாளும் டொறிசினுடையது, எம்.பி.யினுடையதுமல்ல பைலினுடையதுமல்ல. களவாக எடுக்காதே. அவர் மேசைக்கு முன்னால் போய், இது இன்னாருடையது, திருப்பிக் கேட்கிறாள், கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எடு. அவர் உன்னைத் தடுப்பாரோ, அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்புவாரோ எனக்குத் தெரியாது. படித்து முடித்து நீ அலைந்த அலைச்சலும், அந்த ஒற்றை அறையில் இரண்டு மாரிகாலம் பாணோடு காலம் தள்ளியதும் எனக்கு மறக்கவில்லை, வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு தாய் எழுதுவது சும்மா காரியமில்லை. ஆனால் அந்த வசனத்துக்குக் கீழே உன் எழுத்து இருக்கிறதே பிள்ளை, அதை நானும் பிடித்து அழிக்க ஏலாது. வேலை போனால் இங்கே வா, உன் அறை அப்படியே கிடக்கிறது, அப்பா ஒன்றும் கேட்கமாட்டார்.

டொறிஸ் உயரமான பெண், நரைத்த மயிரைக் குட்டையாக வெட்டியிருப்பாள், வலது கையில் லோண்டரி நீராவி சுட்ட தழும்பு இருக்கும், அடையாளம் பிடித்துவிடுவாய். அவள் கோபமாகக் கதைத்தால் மறுமொழி சொல்லாதே. என் பெயரைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தவும் பார்க்காதே, எனக்கு அவளிடம் மரியாதை மிஞ்சியிருக்கவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு சோடி பின்னி வைத்திருக்கிறேன், கப்பல் தபாலில் அனுப்புகிறேன், பிந்தித்தான் வரும். வெள்ளிக்கிழமை விரதமென்று குளிரில் பட்டினி கிடக்காதே, சாமி கோபிக்காது. அப்பாவும் நானும் உனக்கு நீண்ட ஆயுளும் நேரான புத்தியும் வேண்டிக் கும்பிடுகிறோம். டிசெம்பர் எட்டாம் திகதி சனிக்கிழமை, காலை பத்து மணி, அன்றைக்கு லீவெடுத்துவிடாதே. அவள் வாசிக்கிற நேரம் நீ உள்ளறைக்குள் போய் நிற்காமல் சனத்தோடு நின்று கடைசி வரிவரை கேள்.

உன் மேல் மாறாத அன்புள்ள
அம்மா
வி. விமலாதேவி