படித்த மெயில்கள் மட்டும் போக மறுத்தன

ஏனுங்க,

வீட்டில் இருந்தவரை உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. நலமா என்று கேட்கவும் வழியில்லை. இங்கே நாங்கள் நலம். உங்கள் மெயில் சர்வரும் நலம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ளவும்தான்.

நீங்கள் போன பிறகும் பீரோவுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பம்பு கம்பெனியில் மோட்டார் சோதித்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் எதற்கு மெயில் சர்வர் என்று சொந்தபந்தமெல்லாம் கேட்டார்கள். "நம்ம ஊட்டுத் தபாலு நம்ம ஊட்டுலயே இருக்கட்டுமுங்க" என்று சிரிப்பீர்கள். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நம் கதிருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு முகவரி வைத்தீர்கள். உங்கள் முகவரிக்கு ஊர் ஊராக மெக்கானிக்குகள் எழுதினார்கள். காயில் கருகிப்போன மோட்டாரைப் படம் பிடித்து மேட்டுப்பாளையத்திலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் அனுப்புவார்கள். எத்தனை சுற்று, எந்தக் கம்பி, முதலில் ஏன் கருகியது என்று நீங்கள் உட்கார்ந்து பதில் எழுதுவீர்கள்.

நான் அந்தப் பெட்டியைத் துடைத்திருக்கிறேன், தொட்டதில்லை. எனக்கு ஆஸ்பத்திரி லேபும் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களும், உங்களுக்கு அது. அப்படித்தானே பிரித்துக்கொண்டோம்?

தை மாதம் ஒருநாள் உங்கள் மெயிலைத் திறந்தேன். விஷயம் தெரியாமல் யாராவது பதிலுக்குக் காத்திருப்பார்களோ என்று ஒரு நினைப்பு. திறந்தால், மெக்கானிக்குகளைவிட அதிகமாக அந்தப் பெட்டியே உங்களுக்கு எழுதியிருந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதாகிவருகிறது, உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே செய்தி, திரும்பத் திரும்ப. நீங்கள் இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, பாவம்.

ஹைதராபாத்துக்குக் கதிரைக் கூப்பிட்டேன். அவனுக்கு மீட்டிங்குக்கு நடுவில் மீட்டிங். "அம்மா, அதை நிறுத்தீருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் வேற மெயில் இருக்குது. பழசை வெச்சுட்டு என்ன பண்றது?" என்றான். 

"நிறுத்தறது இருக்கட்டும் கண்ணு. மொதல்ல ஒரு காப்பி எடுக்கோணும். எப்படின்னு மட்டும் சொல்லு."

பையன் தங்கமானவன்தான். கடவுச்சொல்லையும் அடிக்க வேண்டிய கட்டளையையும் போனில் அனுப்பினான். காந்திபுரத்தில் வெளியே செருகும் டிஸ்க் ஒன்று வாங்கிவந்து, காலைச் சமையலை முடித்துவிட்டு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நகலெடுக்க விட்டேன். சிறிது நேரத்தில் திரை முழுக்கப் பிழைச் செய்தி. அடைமழை மாதிரி கொட்டி நின்றது. பெரும்பாலான ஃபைல்கள் போகவே இல்லை.

"பழைய மெயில்தானுங்கம்மா, கொஞ்சம் போனாப் போகுது" என்றான் கதிர்.

எனக்குச் சுருக்கென்றது. லேபில் ஒரு தட்டுக் குழாய் ரத்தத்தில் பாதி ரிசல்ட் தப்பாக வந்தால் தட்டையே குப்பையில் போடுவோமா? ரத்தம் கெட்டதா, குழாய் கெட்டதா, மெஷின் கெட்டதா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன். பிழைகளை மேலிருந்து நிதானமாகப் படித்தேன்.

ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல் என்பதே அப்போதுதான் தெரிந்தது. போக மறுத்த ஃபைல் எல்லாவற்றின் பெயரிலும் கடைசியில், மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்த ஒரு முக்காற்புள்ளி இருந்தது, அதன் பின்னால் சில எழுத்துகள். போனவற்றில் முக்காற்புள்ளி இல்லை. இன்னும் உற்றுப் பார்த்தால், போனவை எல்லாம் யாரும் திறக்காத புது மெயில்கள். பெரும்பாலும் கதிரின் மெயில் பெட்டியில் இருந்தவை. நீங்களும் நானும் திறந்து படித்த மெயில்கள் மட்டும் போக மறுத்தன. இது என்ன விந்தை?

உக்கடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் சிராஜ் அண்ணனிடம், வாங்கிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். நான் பிரித்துப் பார்த்ததைச் சொன்னதும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க. மெயிலைத் தொறந்து பாத்ததும் சர்வர் அந்த ஃபைலோட பேர்ல ஒரு அடையாளம் போடும். அதுதான் அந்த முக்காற்புள்ளி. நீங்க வாங்குன டிஸ்க் விண்டோஸ் முறையில இருக்குது. பேர்ல முக்காற்புள்ளி இருந்தா அது உள்ளயே உடாது."

"அப்ப மெயிலு ஒண்ணும் கெட்டுப்போகலீங்களா?"

"மெயில் நல்லாத்தான் இருக்குது. வெக்கற பாத்திரம்தான் சரியில்ல."

குழாய்தான் கெட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. அவர் அங்கேயே டிஸ்க்கை அழித்து, உங்கள் பெட்டிக்குப் பழக்கமான லினக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். கூட வரட்டுமா என்றார். "வேண்டாமுங்க அண்ணா, எங்கயாவது சிக்குனா கூப்பிடறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட விட்டேன். இந்த முறை உங்கள் மெயில் பெட்டி மளமளவென்று போனது, என்னுடையதும் போனது. கதிருடைய பெட்டி வந்ததும் புதிதாக ஒரு பிழை. ஃபைல் காணாமல் போய்விட்டது என்றது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக. முதல் முறை ஒழுங்காகப் போன அதே ஃபைல்கள். கண்ணெதிரே மெயில் அழிகிறது என்றே நினைத்துவிட்டேனுங்க.

சிராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். "பயப்படாதீங்க தங்கச்சி. யாராவது இப்ப அந்தப் பெட்டியைத் தொறந்து படிக்கறாங்களா? படிக்கப் படிக்க ஃபைலு புதுப் பேரோட வேற எடத்துக்குப் போகும். காப்பி எடுக்கறது பழைய பேரைத் தேடி ஏமாந்துபோகும்" என்றார்.

யார் படிப்பது? நான் இங்கே இருக்கிறேன். கதிரைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இப்ப என்ன பண்ணீட்டு இருக்கற?"

"சும்மாதானுங்கம்மா" என்றான். பிறகு, "அப்பா அனுப்புன மெயிலைப் படிச்சுட்டு இருக்கறனுங்க. நீங்க அத்தனை பாடுபடறீங்களே, என்னதான் இருக்குதுன்னு போன்ல அந்த மெயிலைப் போட்டுத் தொறந்தேன்."

"என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. வாராவாரம் எழுதியிருக்கறாரு. முருங்கை பூ வெச்சுது, நீங்க ரிட்டையர்மென்ட்டுக்கு நல்லாப் பேசுனீங்க, சிறுவாணித் தண்ணி ரெண்டு நாளா வரலை... அதுதான். போன்லதான் பேசறமேன்னு ஒண்ணையும் தொறக்காம இருந்துட்டனுங்க." குரல் உடைந்துவிட்டது. "அதுல ஒண்ணுலகூட, ஏன் பதில் போடலைன்னு கேக்கலீங்கம்மா."

அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சொன்னேன்: "ஒண்ணும் எங்கயும் போயிராது சாமி. காப்பி முடியற வரைக்கும் மட்டும் தொறக்காத. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

நீங்கள் ஏன் கேட்கவில்லை? அவன் ஒருநாள் படிப்பான் என்று அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு?

சிராஜ் அண்ணன் சொன்னபடி மெயில் சேவையை நிறுத்தினேன். அந்த நேரத்தில் வரும் மெயில் தொலைந்துவிடாதா என்று கேட்டதற்கு, அனுப்பிய சர்வர் காத்திருந்து மறுபடி வந்து தட்டும் என்றார். நம் ஊர்க்காரர்கள் மாதிரி மரியாதை தெரிந்த ஏற்பாடுதான். அதன்பின் ஃபைல் காணவில்லை என்ற பிழை ஒன்றுகூட வரவில்லை.

கடைசியாக மிஞ்சியவை கொஞ்சம் ஃபைல்கள். அவைதான் உண்மையிலேயே கெட்டவை. டிஸ்க்கில் பழுதான இடத்தில் மாட்டிக்கொண்டு படிக்க முடியாமல் நின்றன. பெட்டியை அணைத்து ஆறவிட்டு மறுபடி முயன்றபோது சில வந்தன. மூன்றே மூன்று வரவில்லை. சேவையை மறுபடி தொடங்கி மெயில் பெட்டியைத் திறந்தால் அவை யாருக்கு, என்ன தலைப்பு என்பது தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மூன்றும், மோட்டார் சந்தேகம் கேட்டு எழுதிய அந்தியூர் மல்லிகாவுக்கு நீங்கள் அனுப்பிய பதில்கள்.

விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மெயிலுக்கு இரண்டு முனை உண்டே. மல்லிகா எழுதிய மெயில்களின் அடியில் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"ஏனுங்க மல்லிகாங்களா? நான் பீளமேட்டுல இருந்து பேசறனுங்க. மோட்டார் காயிலுக்கு உங்களுக்கு எழுதுவாருங்களே, அவரு ஊட்டுக்காரி."

"அக்கா, சொல்லுங்க்கா. சாரு தவறிட்டாருன்னு கேள்விப்பட்டு வரோணும்னே இருந்தனுங்க."

"அவரு உங்களுக்கு எழுதுனதுல மூணு எங்க டிஸ்க்குல கெட்டுப்போச்சுங்க. உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"அவரு எழுதுனது ஒண்ணக்கூட நான் அழிக்கலீங்க்கா" என்றார் மல்லிகா. பிறகு அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. கணவர் நோயில் படுத்துவிட்ட பிறகு காயில் கட்டும் கடையை அவர் தனியாக நடத்தியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் ஆம்பளையாள் இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒரு மோட்டாரில் சிக்கி, யாரோ கொடுத்த உங்கள் முகவரிக்குத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்.

"சாரு ஒரு கேள்வியும் கேக்கலீங்க்கா. 'மெக்கானிக் மல்லிகா அவர்களுக்கு'ன்னு ஆரம்பிச்சு நேரா வேலையைப் பத்தி எழுதியிருந்தாரு. என்னைய மெக்கானிக்னு முதல்ல எழுதுனது அவருதானுங்க. சந்தேகப்பட்டு நிக்கறவங்களுக்கு அந்த வரியைக் காட்டுவேன். இப்ப ரெண்டு பொண்ணுங்க எங்கிட்ட வேலை செய்யறாங்க."

அரை மணியில் அந்த மூன்றும் வந்துவிட்டன. கேட்காமலே உங்களுடைய மற்ற பதில்களையும் அனுப்பியிருந்தார், எதற்கும் இருக்கட்டுமென்று. இதையெல்லாம் என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லையே. சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தீர்களா? உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவள் என்பதில் அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களிடமே சொல்கிறேன்.

நகல் எடுத்ததோடு நான் நிற்கவில்லை. ரிசல்ட் முன்பே தெரிந்த மாதிரி ரத்தத்தை ஓட்டிச் சரிபார்க்காமல் எந்த மெஷினையும் லேபில் நம்பமாட்டோம். சிராஜ் அண்ணன் புது டிஸ்க் ஒன்றைப் பெட்டியில் போட்டார். நகலிலிருந்து எல்லாவற்றையும் அதில் நானே ஏற்றினேன். உங்கள் முதல் வருஷத்து மெயில், கதிருக்கு எழுதிய முருங்கைப்பூ மெயில், மல்லிகாவின் மூன்று என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் திறந்தன. "தங்கச்சி, நம்ம கடையில வேலைக்கு வாரீங்களா?" என்றார் அண்ணன். சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கதிர் அடுத்த வாரமே வந்தான். இன்னொரு டிஸ்க்கில் நான் எடுத்துவைத்த இரண்டாவது நகலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். "ஒரே ஊர்ல ரெண்டு காப்பியும் இருக்கக் கூடாதுங்கம்மா" என்று எனக்கே பாடம் சொன்னான். பெட்டியை நிறுத்தும் பேச்சை எடுக்கவே இல்லை. போவதற்கு முன் உங்கள் கடைசி மெயிலுக்குப் பதில் எழுதி அனுப்பினான். உங்கள் பெட்டியில் வந்து சேர்ந்திருக்கிறது. நான் திறக்கவில்லைங்க. அது உங்களுக்கு வந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன். மாதம் தவறாமல் நகலெடுத்து, திறந்து பார்த்து, கெட்டதை மாற்றி வைப்பேன். மோட்டார் சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் பதில்களில் தேடி அனுப்புவேன். அதிலும் இல்லையென்றால் மெக்கானிக் மல்லிகாவைக் கேட்டுச் சொல்வேன். எனக்குக் கையும் கண்ணும் இருக்கும்வரை, உங்கள் பெயருக்கு எழுதுகிற ஒருவருக்கும், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பிப் போகாது.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
கோகிலா
பீளமேடு, கோயம்புத்தூர்