முயல் அறை, வௌவால் அறை

நாள் 212. 09:10
செவ்வாய்க் கிரகம், உயிர்க்காப்பு நிலையம். பதிவு செய்பவர்: மருத்துவர் தேவசுந்தரி. முயல் அறை 22 டிகிரி. வௌவால் அறை 27. பூமியில் இரண்டு இனமும் தீர்ந்தாயிற்று. மிச்சம் இங்கே ஒரு ஜோடிக் காட்டு முயல், ஒன்பது பழந்தின்னி வௌவால், இரு பக்கமும் தலா ஒரு குட்டி. நான் வௌவால்காரி. முயலைக் கவனித்த இன்னாசி போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்; இப்போது அதையும் நான்தான் பார்க்கிறேன்.

நாள் 213. 11:30
மின்கலம் ஒன்று செத்துவிட்டது. பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அய்யாதுரை:
"டாக்டரம்மா, ரெண்டு அறைக்கும் கரண்டு தாங்காது. எதை வச்சுக்கலாம்னு ஒப்பிட்டு எழுதுங்க. நாளைக்குள்ள சொல்லிருங்க. அப்புறம் சூரியன் குறுக்க வந்துரும், பதினாலு நாள் பேச முடியாது."

நாள் 214. 10:00
ஒப்பீடு அனுப்பினேன். வௌவால் தாய் குட்டியை மார்பில் சுமந்தபடியே பறக்கிறாள். முயல், குட்டியைப் புல்லில் போட்டுவிட்டுப் போனதுதான். ஆறு நாளாகக் கிட்டவே வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வௌவாலை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். முயல் அறைக் கதவையும் அங்கிருந்தே பூட்டச் சொன்னேன். இல்லாவிட்டால் மனம் கேட்காமல் தூக்கிவந்து என் அறையில் வைத்துக்கொள்வேன், இருக்கிற மின்சாரமும் போய்விடும். என்னை எனக்குத் தெரியும்.

16:50
"நீங்க சொன்னபடியே இங்கிருந்தே முயல் அறைக் கரண்ட நிறுத்திக் கதவப் பூட்டியாச்சும்மா. மனசத் தேத்திக்கங்க."

18:40
மாலை விளக்கு மங்கியபின் முயல் அறைப் பக்கம் போவதில்லை. மனித வாடை ஆகாது என்பது இங்கே வழக்கம். இன்று கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் தாய் புல்லை விலக்கிக்கொண்டு வந்தாள். நேராகக் குட்டியிடம். ஐந்து நிமிடம் பால் கொடுத்தாள். போய்விட்டாள்.

குட்டியை எந்த மிருகமும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்றுதான் பகலெல்லாம் ஒதுங்கியிருக்கிறாள். பட்டினி கிடந்த குட்டி எப்படிக் கொழுகொழுவென்று இருக்கும்? பகலில் எடை போட்டவளே நான்தான். உறைக்கவில்லை.

19:05
அனுப்பியது: "அய்யாதுரை, தப்பு பண்ணிட்டேன். கதவத் திறங்க. அவ வர்றா. தினமும் வர்றா."
செய்தி போய்ச் சேரவில்லை. சூரியன் குறுக்கே வந்துவிட்டது.

நாள் 215. 07:20
முயல் அறை 6. கம்பியால் நெம்பினேன். கதவு அசையவில்லை, கைதான் கிழிந்தது. வௌவால் அறை 27. அங்கே குட்டி சுகம்.

18:40
முயல் அறை -4. நேரம் தவறாமல் வந்தாள். பால் கொடுத்தாள். இன்று போகவில்லை. குட்டியின் மேல் கவிந்து படுத்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 216. 18:40
-15. தாய் எழவில்லை. அடியிலிருந்து குட்டி தலையை நீட்டுகிறது. பால் நேரம் அதற்குத் தெரிகிறது. தாயை முட்டிப் பார்க்கிறது. இப்போது என்னைப் பார்த்துவிட்டது. கண்ணாடியை நோக்கி வருகிறது.